கம்மோடின் பின்னால் ஒழுகினால்: பூசுவதா, கழற்றி மாற்றுவதா, உடைப்பதா?

ஃப்ளஷ் செய்து முடித்ததும் கம்மோடின் பின்பக்கத் தரை நனைகிறது. துடைத்துவிட்டுப் போகிறீர்கள், அடுத்த முறையும் அதே ஈரம். கொஞ்ச நாளில் நாற்றமும் சேர்ந்துகொள்கிறது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால், பீங்கானும் கழிவுக் குழாயும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் பலர் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். ஒருவர் சிலிகான் பூசச் சொல்கிறார், இன்னொருவர் வெள்ளை சிமென்ட் வைக்கச் சொல்கிறார், வந்து பார்க்கும் பிளம்பர் தரையை உடைக்க வேண்டும் என்கிறார். பூசுவதும் உடைப்பதும் சில வீடுகளில் சரிதான், சில வீடுகளில் கழற்றி மாற்றுவதே சரி. எந்த வீட்டில் எது சரி என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஜாயின்ட் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் அசைவு. 20 முதல் 40 கிலோ எடையுள்ள பீங்கான் மேல் ஆட்கள் தினமும் பல முறை உட்கார்ந்து எழுகிறார்கள். தரையில் இறுக்கிய ஸ்க்ரூ ஒரு நூல் தளர்ந்தாலும் அந்த ஆட்டம் முழுவதும் பின்னால் உள்ள ஜாயின்டில் போய் இறங்கும். அதனால் எந்த வழியை யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இது ஆட்டத்தை நிறுத்துமா, இல்லை ஆட்டத்தோடு சேர்ந்து வளைந்து கொடுக்குமா? இரண்டும் இல்லையென்றால் அது சில வாரங்களுக்கான ஏற்பாடு.

## ஒழுகுவது அந்த ஜாயின்ட்தானா?

கம்மோடின் பின்னால் தண்ணீர் வரக்கூடிய இடங்கள் குறைந்தது நான்கு. ஆங்கிள் வால்விலிருந்து (சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) டேங்குக்குப் போகும் ஹோஸ், டேங்கும் பீங்கானும் சேரும் இடத்து வாஷர், டேங்க் சுவரில் தனியாக இருந்தால் அதிலிருந்து இறங்கும் ஃப்ளஷ் பைப்பின் ரப்பர், அப்புறம் கழிவுக் குழாய் ஜாயின்ட். எதிலிருந்து வந்தாலும் தண்ணீர் பீங்கான் மேல் வழிந்து கடைசியில் ஒரே இடத்தில்தான் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு ஜாயின்டைக் கழற்றியவர்கள் நிறைய.

எல்லாவற்றையும் உலரத் துடையுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வையுங்கள். அரை மணி நேரம் யாரும் கம்மோடைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குள் ஏதாவது ஒரு டிஷ்யூ நனைந்தால், கோளாறு நல்ல தண்ணீர் வரும் பக்கம். நனையவில்லையா? ஃப்ளஷ் பட்டனைத் தொடாமல் ஒரு வாளித் தண்ணீரை நேராகக் கம்மோடுக்குள் ஊற்றுங்கள். அதற்கே ஜாயின்டில் சுற்றிய டிஷ்யூ நனைந்தால் சந்தேகமே வேண்டாம், கழிவுக் குழாய் ஜாயின்ட்தான். டேங்கிலிருந்து ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் ஒழுகினால், மேலே உள்ள வாஷர் அல்லது ஃப்ளஷ் பைப் ரப்பர். அது சின்ன வேலை. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஜாயின்டில் எந்த இடத்தில் நனைகிறது என்பதையும் பாருங்கள். இந்தக் குழாயில் தண்ணீர் எப்போதும் நிற்பதில்லை, அழுத்தமும் கிடையாது. ஃப்ளஷ் செய்த சில நொடிகள் மட்டும் அடிப்பகுதியில் ஓடிவிட்டுப் போய்விடும். அதனால் ஜாயின்டின் கீழ்ப்பாதியில் இடைவெளி இருந்தால் சொட்டும். மேல்பாதியில் இருந்தால் பெரும்பாலும் சொட்டாது, நாற்றம் மட்டும் வரும். மேல்பாதியிலிருந்தே தண்ணீர் வழிகிறதென்றால் குழாய் நிரம்பி நிற்கிறது என்று அர்த்தம். கீழே எங்கோ அடைப்பு. கம்மோடில் தண்ணீர் மட்டம் ஏறி மெதுவாக இறங்குவதும் அதே அறிகுறி. அடைப்பை எடுக்காமல் ஜாயின்டை எவ்வளவு நன்றாக மூடினாலும் தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும்.

நாற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்மோடின் உள்வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு அறைக்குள் வராமல் தடுக்கிறது. நம் ஜாயின்ட் அந்த வளைவைத் தாண்டி, சாக்கடைப் பக்கம் இருக்கிறது. அங்கே விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் வாயு நேராக வீட்டுக்குள் வரும். சொட்டு நின்று நாற்றம் நிற்கவில்லையென்றால் வேலை இன்னும் முடியவில்லை.

கடைசியாக, உங்கள் கம்மோடு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கழிவு பின்பக்கமாகப் போய்ச் சுவருக்குள்ளோ பக்கத்துக் குழாய்க்குள்ளோ நுழைந்தால் பி-ட்ராப். நேராகத் தரைக்குள் இறங்கினால் எஸ்-ட்ராப். பி-ட்ராப்பில் ஜாயின்ட் கண்ணுக்குத் தெரியும். எஸ்-ட்ராப் பலவற்றில் அது கம்மோடின் அடியில் மறைந்திருக்கும். அடிப்பாகத்தைச் சுற்றி ஈரம் கசிவதுதான் ஒரே அடையாளம்.

## எதை வைத்து எடைபோடுவது

பொருளின் விலையை வைத்து இதில் முடிவெடுக்க முடியாது. எல்லா வழியிலும் பொருள் மலிவுதான். செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. நான் பார்ப்பவை இவை:

- அசைவு: ஆட்டத்தைத் தாங்குமா, ஆடினால் விரிசல் விடுமா?
- மீண்டும் கழற்றுவது: அடுத்த முறை அடைப்போ கசிவோ வந்தால் பீங்கானை உடைக்காமல் எடுக்க முடியுமா? பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அசைவுக்கு அடுத்து இதுதான் முக்கியம்.
- கழிப்பறை மூடியிருக்கும் நேரம்: வீட்டில் ஒரே கழிப்பறை என்றால் 24 மணி நேரம் காயவிடுவது பெரிய செலவு.
- தோற்றால் யாருக்குச் சேதம்: தரைத்தளத்தில் கசிவு தரையோடு போகும். மாடியில் கீழ் வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கும்.
- காரணத்தைத் தொடுகிறதா: ஆட்டம், மடிந்த ரப்பர், உடைந்த குழாய் வாய், ஒரே கோட்டில் இல்லாத கம்மோடு, குழாய் மையங்கள். எதனால் ஒழுகுகிறதோ அதைச் சரிசெய்கிறதா, மூடி மறைக்கிறதா?

| வழி | ஆட்டத்தைத் தாங்குமா | மீண்டும் கழற்ற | கழிப்பறை மூடும் நேரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வெளியே பூசுவது | சிலிகான் கொஞ்சம்; புட்டி, சிமென்ட் இல்லை | சிமென்ட் மிகக் கடினம் | ஏறக்குறைய ஒரு நாள் | அடுத்த முறை சுரண்டும் வேலை |
| ரப்பர் பான் கனெக்டர் | நன்றாகத் தாங்கும் | எளிது | அரை நாள் | துருப்பிடித்த ஸ்க்ரூ, புது வாஷர் |
| ஃப்ளெக்ஸிபிள் கனெக்டர் | மிக நன்றாக | எளிது | சில மணி நேரம் | தொய்வு, அடைப்பு |
| மெழுகு வளையம் | இல்லை | ஒவ்வொரு முறையும் புதிது வேண்டும் | அரை நாள் | ஃபிளாஞ்ச் (குழாய் வாயைச் சுற்றித் தரையில் பதிக்கும் வளையத் தட்டு) உயரம் |
| ரப்பர் வளையம் | ஓரளவு | எளிது | அரை நாள் | சரியான தடிமன் தேடுவது |
| உடைத்து மாற்றுவது | செய்யும் விதத்தைப் பொறுத்தது | செய்யும் விதத்தைப் பொறுத்தது | பல நாள் | டைல்ஸ், வாட்டர்ப்ரூஃபிங் |

## வெளியே பூசி அடைப்பது

எல்லோர் மனமும் முதலில் போவது இங்கேதான். என் மனமும் போனது. எங்கள் வீட்டு ஜாயின்ட் ஒழுகியபோது சுற்றிலும் சிலிகான் பூசினேன். மூன்று வாரம் உலர்ந்திருந்தது. பிறகு அதே இடத்தில் அதே சொட்டு. மேலே இன்னொரு பூச்சு பூசினேன். அது பத்து நாள்கூட நிற்கவில்லை. காய்ந்த பழைய சிலிகான் மேல் புது சிலிகான் சரியாகப் பிடிக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கடைசியில் கம்மோடை முன்னுக்கு இழுத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. உள்ளே, பீங்கானையும் குழாயையும் இணைக்கும் ரப்பர் கனெக்டரின் உதடு (பீங்கானைக் கவ்வும் விளிம்பு) ஒரு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடிந்திருந்தது. முதலில் பொருத்திய நாளிலேயே மடிந்திருக்க வேண்டும். மடிந்த இடத்தில் மஞ்சளும் பழுப்புமாக உப்பு கட்டி, கல் போல உட்கார்ந்திருந்தது. நான் வெளியே பூசியது எதுவும் அந்த மடிப்பைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து, வெளியே பூசச் சொல்லும் எந்த யோசனையையும் தற்காலிகம் என்ற கணக்கில்தான் வைக்கிறேன்.

பூசுவதென்று முடிவெடுத்தால் சிலிகான், புட்டி, சிமென்ட் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சிலிகான் வளைந்து கொடுக்கும், ஆனால் ஈரமான பரப்பில் ஒட்டாது. துடைத்து, ஹேர் டிரையரால் உலர்த்தி, பூசிய பிறகு ஒரு நாள் முழுவதும் கம்மோடைப் பயன்படுத்தாமல் இருந்தால்தான் பலன். புளித்த வாடை அடிக்கும் அசிட்டிக் வகையைவிட நியூட்ரல் வகை இங்கே நல்லது, சிமென்ட், பி.வி.சி. இரண்டிலும் அது நன்றாகப் பிடிக்கும்.

எபாக்சி புட்டி, எம்-சீல் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது இரண்டு பாகத்தையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து வைப்பது. கல் போல இறுகும். குழாயில் மயிர்க்கோடு விரிசல் என்றால் அருமையான பொருள். பீங்கானும் பிளாஸ்டிக்கும் சேரும் ஜாயின்டில் அந்தக் கடினமே அதன் குறை. வெப்பம் ஏறி இறங்கும்போது பி.வி.சி. பீங்கானைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்கும். நடுவில் இறுகி நிற்கும் புட்டி ஏதாவது ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தே ஆகும், பெரும்பாலும் வழவழப்பான பீங்கான் பக்கம்.

வெள்ளை சிமென்ட் வேண்டவே வேண்டாம் என்பேன். அதற்கும் புட்டியின் அதே குறை உண்டு, கூடவே அடுத்த முறை கழற்றும்போது உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டும். ஒரு தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தால் பீங்கானின் மூக்கு, அதாவது கழிவு வெளியேறும் முனை, உடைந்துவிடும். மூக்கு உடைந்த கம்மோடுக்கு மருந்து கிடையாது, புதிதுதான் வாங்க வேண்டும்.

பூசுவது எப்போது சரி? ஆள் வர நாலு நாள் ஆகும், வீட்டில் வேறு கழிப்பறை இல்லை, அப்போது சரி. கம்மோடு துளிகூட ஆடவில்லை, மேல்பாதியில் மட்டும் நாற்றம் வருகிறது. அப்போதும் சிலிகான் நியாயமான முதல் முயற்சி. மாடி வீட்டில், கீழ்ப்பாதியில் சொட்டும்போது சிலிகானை நம்பி இருக்காதீர்கள். வெளியே சொட்டுவது நின்று, தண்ணீர் சுவருக்குள்ளோ தளத்துக்குள்ளோ போக ஆரம்பித்தால் உங்களுக்குத் தெரிவதற்குள் மாதங்கள் ஆகிவிடும்.

## ரப்பர் பான் கனெக்டர்

பி-ட்ராப் கம்மோடுகளுக்கு என் முதல் தேர்வு இது. ஒரு பக்கம் பீங்கான் மூக்கைக் கவ்வும் ரப்பர் உதடு, மறுபக்கம் கழிவுக் குழாய்க்குள் போய் உட்காரும் ரப்பர் விளிம்புகள், நடுவில் கெட்டியான பிளாஸ்டிக். ஒட்டு எதுவும் வேண்டாம். காயும்வரை காத்திருக்க வேண்டாம். கம்மோடு கொஞ்சம் அசைந்தாலும் ரப்பர் கூடவே போய்த் திரும்பும்.

அளவுதான் முக்கியம். பிளாஸ்டிக் கழிவுக் குழாயின் வெளி விட்டம் பல இடங்களில் 110 மி.மீ. பீங்கான் மூக்கு 100 மி.மீ.யை ஒட்டிச் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும். பழைய இரும்புக் குழாய் என்றால் உள் விட்டம் வேறு. கடைக்குப் போகும் முன் மூக்கின் வெளி விட்டம், குழாயின் உள் விட்டம், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய கனெக்டரைக் கையோடு எடுத்துப் போவது அதைவிட நல்லது.

நான்காவதாக ஓர் அளவு இருக்கிறது, பலரும் தவறவிடுவது அதைத்தான்: இரண்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா? கம்மோடின் மூக்கு குழாயைவிட 2 செ.மீ. உயரமாக இருந்தால் நேர் கனெக்டரை எவ்வளவு அழுத்திச் செருகினாலும் ஒரு பக்க ரப்பர் நசுங்கும், எதிர்ப்பக்கம் இடைவெளி விடும். அதற்கென்றே மையம் விலகிய ஆஃப்செட் கனெக்டர்கள் 20 மி.மீ., 40 மி.மீ. என்ற விலகல்களில் கிடைக்கின்றன. ஒழுகும் ஜாயின்டைக் கழற்றும்போது ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக நசுங்கியிருந்தால் அதே மாதிரியை மறுபடி வாங்காதீர்கள். ஆஃப்செட் வாங்குங்கள்.

வேலை இப்படிப் போகும். ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, கம்மோடில் மீந்த தண்ணீரைக் கப்பாலும் ஸ்பாஞ்சாலும் எடுத்துவிட வேண்டும். ஹோஸைக் கழற்றி, தரை ஸ்க்ரூக்களை எடுத்து, இரண்டு பேராகக் கம்மோடை நேராக முன்னுக்கு நகர்த்த வேண்டும். திறந்த குழாயில் உடனே ஒரு துணிப் பந்தைக் கயிறு கட்டிச் செருகுங்கள். வாயு வராமலும், ஸ்க்ரூ உள்ளே விழாமலும் அது காக்கும். கயிற்றின் மறுமுனை கண்ணில் படும்படி வெளியே தொங்கட்டும், பொருத்தும் முன் எடுக்க மறக்காமல் இருப்பதற்காக.

பீங்கான் மூக்கைச் சுத்தம் செய்வதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. கட்டிய உப்பு முழுவதும் போய், விரலை ஓட்டினால் வழவழவென்று இருக்க வேண்டும். ஆசிட் கிளீனர் பயன்படுத்தினால் நன்றாகக் கழுவிவிட்டு மட்டுமே அடுத்த வேலை. அதே இடத்தில் பிளீச்சிங் திரவம் ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய கழிப்பறையில் அது ஆபத்து.

துணிப் பந்தை வெளியே எடுத்துவிட்டு, புது கனெக்டரை முதலில் குழாயில் செருகி, உதட்டில் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பைத் தடவுங்கள். எண்ணெயும் வாசலினும் வேண்டாம், சில வகை ரப்பரை அவை ஊதி இளக வைக்கும். கம்மோடை நேராக, ஒரே சீராகப் பின்னுக்குத் தள்ளுங்கள். சாய்த்துத் தள்ளினால் உதடு மடியும், எங்கள் வீட்டில் நடந்தது போல. பொருத்தியதும் கையுறை போட்ட விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்து, உதடு எல்லா இடத்திலும் வெளிப்பக்கமாகப் படிந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தைக் கண்டிப்பாகத் தடவிப் பாருங்கள். சொட்டுவது அங்கேதான்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால்: துருப்பிடித்த ஸ்க்ரூ தலை உடையலாம், டைல்ஸுக்குள் உள்ள பிளாஸ்டிக் பிளக் தளர்ந்திருக்கலாம், கழற்றிய ஹோஸின் வாஷர் திரும்பப் போடும்போது ஒழுகலாம். புது ஸ்க்ரூ, பிளக், வாஷர் மூன்றையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்மோடு சிமென்ட் படுக்கையில் உட்கார்ந்திருந்தால் நிலைமை வேறு. ஹாக்ஸா பிளேடை அடிவிளிம்பில் விட்டுப் பொறுமையாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படியும் உடையும் வாய்ப்பு உண்டு என்று மனதைத் தயார் செய்துகொண்டு இறங்குங்கள்.

## ஃப்ளெக்ஸிபிள் கனெக்டர்

அக்கார்டியன் போல மடிப்பு மடிப்பாக நீளும், எந்தப் பக்கமும் வளையும். மையம் எவ்வளவு விலகியிருந்தாலும் சேர்ந்துவிடும் என்பதால் பிளம்பர்கள் பலருக்கு இதன் மேல் பிரியம். வேலை சீக்கிரம் முடியும்.

அந்த மடிப்புகளே அதன் பலவீனம். உள்சுவர் வழவழப்பாக இல்லாததால் காகிதமும் கழிவும் மடிப்பில் தங்கும். முழுதாக நீட்டிப் போட்டால் சில மாதங்களில் நடுவில் தொய்ந்து, அங்கே தண்ணீர் தேங்கும். கழிவுக் குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. அளவாவது சரிவு வேண்டும். தொய்ந்த இடத்தில் சரிவே இருக்காது. தண்ணீரைக் குறைவாக விடும் ஃப்ளஷ் டேங்க் என்றால் அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

ஆஃப்செட் கனெக்டரால் எட்டாத அளவுக்கு மையம் விலகியிருந்தால், அல்லது குழாய் கோணலாக வெளியே வந்திருந்தால் இதைப் போடுங்கள். முடிந்தவரை குறுக்கியே வையுங்கள், பாதிக்கு மேல் நீட்டாதீர்கள், நடுவில் அடியில் ஒரு முட்டு கொடுங்கள். சுவருக்குள்ளோ மூடிய பெட்டிக்குள்ளோ புதைக்க வேண்டாம்.

## மெழுகு வளையமா, ரப்பர் வளையமா?

எஸ்-ட்ராப் கம்மோடு வைத்திருப்பவர்களுக்கான கேள்வி இது. தரையில் ஃபிளாஞ்ச் பதித்து, அதன் மேல் வளையம் வைத்து, கம்மோடை நேராக இறக்கி அழுத்துவது முறை.

மெழுகு வளையம் நல்ல பொருள். காய்வதில்லை, மேடு பள்ளத்தில் தானே நிரம்பிக்கொள்ளும், கம்மோடு அசையாமல் இருந்தால் 20, 30 ஆண்டுகள்கூட நிற்கும். ஆனால் ஒரு முறை நசுங்கினால் திரும்ப எழாது. இறக்கும்போது தவறி, லேசாகத் தூக்கி மறுபடி வைத்தால் அந்த வளையத்தின் கதை முடிந்தது, புதிது வேண்டும். கம்மோடு ஆட ஆரம்பித்தாலும் அதே கதைதான். ஒவ்வொரு ஆட்டமும் மெழுகைக் கொஞ்சம் தள்ளிவிடும், தள்ளிய இடம் தள்ளியபடியே நிற்கும்.

ரப்பர் வளையம் நசுங்கினால் எழும். தூக்கி மறுபடி வைக்கலாம். முதல் முறை செய்பவருக்கு இதுதான் தோதானது. ஃபிளாஞ்ச் உயரத்துக்கும் வளையத்தின் தடிமனுக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் மட்டும் காலை வாரிவிடும்: தடிமன் கூடினால் கம்மோடு தரையில் உட்காராமல் ஆடும், குறைந்தால் அடைக்காது.

இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஃபிளாஞ்சின் உயரம். முடிந்த தரையின் மேல் அது உட்கார வேண்டும். பழைய தரைக்கு மேல் புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் ஃபிளாஞ்ச் தரைமட்டத்துக்குக் கீழே போயிருக்கும். அங்கே சாதாரண வளையம் எட்டாது. ஃபிளாஞ்சை உயர்த்தும் வளையமோ தடிமனான வளையமோ போட வேண்டும். டைல்ஸ் மாற்றிய சில மாதங்களில் கசிவு ஆரம்பித்ததா? சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கம்மோடு தரையில் சமமாக உட்காராமல் ஆடினால் பிளாஸ்டிக் ஆப்பு செருகி ஆட்டத்தை நிறுத்திய பிறகே போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தால் பீங்கான் விரிசல் விடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதே முறை.

அடிவிளிம்பைச் சுற்றி சிலிகான் போடுபவர்கள் பின்பக்கம் ஒரு கை அகலத்துக்கு விட்டுவிடுங்கள். முழுதாக மூடினால் வளையம் மறுபடி கசியும்போது தண்ணீர் வெளியே வந்து சொல்லாது, தளத்துக்குள் இறங்கும்.

## உடைத்துச் சரிசெய்வது

யாரும் விரும்பாத வழி. சில வீடுகளில் இதைத் தவிர வேறு இல்லை.

கழிவுக் குழாயின் வாய் உடைந்திருந்தால், அதுவும் சுவருக்குள் அல்லது தரைக்குள் உடைந்திருந்தால், எந்தக் கனெக்டரும் சரியாக உட்காராது. உடைப்பு வாயோரத்தில் மட்டும் என்றால் உடைக்கும் முன் ஒரு முறை பாருங்கள்: உள்ளே ஆழமாகப் போகும் நீளமான கனெக்டர் உடைந்த இடத்தைத் தாண்டி நல்ல பகுதியில் உட்காரலாம். தரையில் பதித்த குந்தும் வகைப் பான் என்றால் ஜாயின்ட் முழுவதும் கான்கிரீட்டுக்குள். அதைக் கழற்றிப் பார்க்க வழியே இல்லை, உடைத்துத்தான் ஆக வேண்டும்.

இதில் குழாய்க்கு ஆகும் செலவு சின்னது. டைல்ஸ் அதே நிறத்தில் கிடைக்காமல் தரை முழுவதும் மாற்றுவது, உடைத்த இடத்தில் வாட்டர்ப்ரூஃபிங் மறுபடி செய்வது, சிமென்ட் இறுகும்வரை கழிப்பறை மூடிக் கிடப்பது, இவைதான் பெரியவை. வாட்டர்ப்ரூஃபிங்கை விட்டுவிட்டு டைல்ஸ் மட்டும் ஒட்டினால், ஜாயின்ட் நன்றாக இருந்தாலும் தரையில் ஊற்றும் தண்ணீர் கீழே இறங்கும். மறுபடி ஜாயின்டைத்தான் சந்தேகப்படுவீர்கள்.

உடைப்பதென்று முடிவானால் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள்: புதிதாகப் போடும் குழாயின் வாய் கம்மோடின் மூக்குக்கு நேராக வரட்டும், இணைப்பு ரப்பர் கனெக்டராக இருக்கட்டும், கம்மோடு சிமென்டில் பதியாமல் ஸ்க்ரூவில் நிற்கட்டும். அடுத்த முறை அரை நாளில் வேலை முடியும்.

## நீங்களே செய்வதா, பிளம்பரைக் கூப்பிடுவதா?

பி-ட்ராப், ஸ்க்ரூவில் நிற்கும் கம்மோடு, தூக்க இரண்டு பேர், அரை நாள் நேரம். இவை இருந்தால் தாராளமாக நீங்களே செய்யலாம். எஸ்-ட்ராப்பும் செய்யக்கூடியதே, ஆனால் கம்மோடை நேராகத் தூக்கி நேராக இறக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் இறங்க வேண்டாம்.

சிமென்டில் பதித்த கம்மோடு, சுவரில் தொங்கும் கம்மோடு, பழைய இரும்புக் குழாய், மேல்பாதியில் வழியும் தண்ணீர், கீழ் வீட்டுக் கூரையில் ஏற்கெனவே ஓதம்: இவற்றில் எது இருந்தாலும் ஆளைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் "ஒழுகுது, பாருங்க" என்று மட்டும் சொல்லாமல், "கழற்றி, என்ன காரணம்னு காட்டிட்டு, அப்புறம் எதைப் போடலாம்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். கழற்றாமலே வெள்ளை சிமென்ட் குழைக்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். வாடகை வீடு என்றால் உடைப்பதற்கு முன் வீட்டு உரிமையாளருக்குச் சொல்லி, படமும் எடுத்து வைப்பது நல்லது.

## வேலை முடிந்ததும்

துணிப் பந்து கயிற்றோடு வெளியே இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். ஜாயின்டைச் சுற்றிப் புது டிஷ்யூ வையுங்கள். முதலில் ஒரு வாளித் தண்ணீர், பிறகு ஐந்தாறு முறை முழு ஃப்ளஷ். டிஷ்யூ உலர்ந்திருந்தால் ஒருவரை உட்கார்ந்து இரண்டு பக்கமும் சாயச் சொல்லிவிட்டு மறுபடி ஃப்ளஷ் செய்யுங்கள். ஆளில்லாத கம்மோடில் ஒழுகாத ஜாயின்ட், எடை ஏறியதும் ஒழுகுவதுண்டு. ஒரு வாரம் கழித்து தரை ஸ்க்ரூக்களை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் கால் சுற்று போதும். மாடி வீடு என்றால் அன்றே கீழ் வீட்டுக்காரரிடம் கூரையையும் ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.